ஓரத்தில் மட்டும் வெளிச்சம்

பிப்ரவரி 4

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் முட்டி மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே தகவல் சொல்லிவிடுகிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து மற்றவர்கள் கண்ணைச் சோதிக்கிறவளுக்குக் கழுத்து போகாமல் வேறென்ன போகும்?

நீ அனுப்பிய பழைய ஃபிலிம் கேமரா உடையாமல் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிக்குள் நீ சுற்றியிருந்த துணியைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது. நன்றி எல்லாம் சொல்லமாட்டேன், அக்காவுக்குத்தானே கொடுத்தாய்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்காதே. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் எட்டு மணி நேரம் காதில் ஹெட்போன். எங்கோ எவனோ உடைத்த குழாய்க்கு ஒரு நாளைக்கு இருநூறு தடவை நான் மன்னிப்புக் கேட்கிறேன். வீடு திரும்பியதும் போனைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. உன் ஹாஸ்டல் காலம் போலவே கடிதத்திலேயே பேசிக்கொள்வோம்.

இப்போது விஷயம். உன் அண்ணன் வருகிறான். ஆமாம், அவனேதான். அவன் சமையல் வேலை பார்க்கும் கப்பல் பழுதுபார்க்க நிற்கிறதாம். மார்ச் 9, ஞாயிறு, மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை வெளியே வர அனுமதியாம். பதினோரு வருஷத்துக்கு ஐந்து மணி நேரம்!

அப்பாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். "தம்பி வர்றேன்னு எழுதியிருக்கான்பா." செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "எத்தனை மணிக்கு?" என்றார். அவ்வளவுதான்.

தம்பி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். போனில் படம் எடுக்கக் கூடாதாம். சொந்தக்காரர்கள் குரூப்பில் அவன் முகம் வந்தால் ஆளுக்கு ஒன்று பேசுவார்களாம். ஃபிலிம் கேமரா இருக்கிறது என்று எழுதினேன், அதற்குச் சரி என்றுவிட்டான். நம் முன்னறையோ உனக்குத் தெரியும், ஒற்றை ஜன்னல், அதையும் பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கிறது. ஃப்ளாஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தை எந்த எண்ணில் வைப்பது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அதைவிட, நீயே வந்துவிடேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நலம்தான். கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன். கண்ணாடிக் கடைக்குப் பவர் பார்க்க வருகிறவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, எழுத்தே தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

அண்ணன் வரும் செய்தியை நின்றபடி ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு விடுப்புக் கிடைக்காது அக்கா. கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கும் சேர்த்து நீ பார்த்துக்கொள்.

கேமராவுக்கு வருவோம். ஃபிலிம் 400. ஃப்ளாஷை மேலே இருக்கும் உலோகத் தாங்கியில் செருகு. லென்ஸ் வளையம் 5.6. மேலே இருக்கும் ஷட்டர் சக்கரத்தை 250-இல் வை. அதை அப்புறம் தொடவே தொடாதே. ஃப்ளாஷில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு அமுக்கு. அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

உன் கேள்வியை நான் இணையத்தில் நடத்தும் 'சுருள்' ஃபிலிம் கேமராக் குழுமத்திலும் போட்டு, புதியவர்களுக்குப் பாடமாகப் பதிலும் எழுதினேன். நூற்றுப் பத்துப் பேர் கைதட்டினார்கள். 'மங்கல்' என்று பேர் வைத்துக்கொண்டு ஒருவர், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எல்லார் முன்னாலும் என்னைத் திருத்த வந்துவிட்டார். மூத்த உறுப்பினரின் பதிலைப் பொதுவில் மறுக்கக் கூடாது, தனிச்செய்தியில்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் நான்காம் விதி. போன வருஷம் ஒரு லென்ஸுக்காகக் குழுமமே குழாயடிச் சண்டை ஆன பிறகு நான்தான் அந்த விதியை எழுதினேன். அவர் எழுதியதை நீக்கிவிட்டு, அவரையும் மூன்று மாதம் வெளியே அனுப்பினேன். உன் தங்கையை அங்கே 'ஒளியம்மா' என்கிறார்கள், தெரியுமா? சும்மாவா!

அப்பாவுக்கு என் வணக்கம்.

சின்னவள்


பிப்ரவரி 19

ஒளியம்மாவுக்கு,

பேர் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் நலம். வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று அப்பா அடம் பிடித்து, முன்னறைக்கு மட்டும் அடித்தாயிற்று. யாருக்காக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீ எழுதியபடி 250-இல் வைத்து, சக்கரம் நகராமல் இருக்கச் சின்ன டேப் ஒட்டிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மங்கல் என்ன சொன்னார்? அதை நீ எழுதவே இல்லையே. புகார் சொல்கிறவர்களை நானும் தினம் கேட்கிறேன், பத்தில் ஏழு பேர் கத்துவார்கள், ஆனால் குழாய் உடைந்தது என்னவோ உண்மையாகத்தான் இருக்கும். இந்தக் கேமராவைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடு. இருக்கிறது ஒரே ஒரு சாயங்காலம்.

அக்கா


மார்ச் 12

சின்னவளே,

உன் பதிலுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

வந்தான். முடி முன்பக்கம் போய்விட்டது. தோள் அகன்று, அசப்பில் அப்பாவின் பணிமனைக் காலத்துப் போட்டோ மாதிரியே இருக்கிறான். அப்பா மத்தியானமே இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி வாசல் வரைக்கும் வந்தவன் அங்கேயே நின்றான். 'இந்த வாசப்படியை மிதிக்காதே' என்று அவன் கப்பல் சமையலுக்குக் கிளம்பிய அன்றைக்கு அப்பா சொன்னது அவனுக்கும் மறக்கவில்லை, இவருக்கும் மறக்கவில்லை. நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பாதான் சொன்னார்:

"என்ன நிக்கிற? உள்ள வா, கொசு வருது."

வந்து எதிரில் உட்கார்ந்தான். பத்து நிமிஷம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கப்பல்ல என்ன இஞ்சின்?"

"சமையக்காரனுக்கு எப்படிப்பா தெரியும்?"

"பதினோரு வருஷத்துல ஒரு தடவ கீழ போய்ப் பாக்கலயா நீ?"

"நீங்க ஒரு தடவ அடுப்படிய எட்டிப் பாத்திருக்கீங்களா?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா சிரித்துவிட்டார்! அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் தம்பி சட்டையை மடித்துக்கொண்டு சமைக்கப் போனான். அப்பா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, முட்டி வலியோடு, ஒரு மணி நேரம் நின்றார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன்னைக் கேட்டான். "சின்னவ வரலயாக்கா?" லீவு கிடைக்கவில்லை என்றேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டி, "எனக்கு அவ இன்னும் இந்த உயரந்தான்" என்றான். பிறகு, "சரி, படத்த அவளுக்கு மொதல்ல அனுப்பு" என்றான்.

முப்பத்தாறும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குக்குக் காத்திருந்துதான் எடுத்தேன். ஃபிலிமை லேபில் கொடுத்திருக்கிறேன், மூன்று வாரம் ஆகுமாம். அப்பா காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

நான் நலம். கடையில் வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்குக் கூட்டம்.

அப்பா சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம்.

படம் வந்ததும் சொல். இப்போதெல்லாம் லேபில் ஃபிலிமைச் சரியாகக் கழுவுவதில்லை என்று கேள்வி. ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவை.

சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டு எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

படம் வந்தது. கறுப்பு. முப்பத்தாறும் கறுப்பு. எல்லாவற்றிலும் இடதுபக்க ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் வெளிச்சம், மேலிருந்து கீழ்வரை, கதவை லேசாகத் திறந்து வைத்த மாதிரி. அந்த ஓரத்தில் நாற்காலியின் கை தெரிகிறது, பீரோவின் பிடி தெரிகிறது, ஒன்றில் அப்பாவின் முழங்கை. ஒரே ஒரு படத்தில் தம்பியின் காதும் தோளில் ஒரு துண்டும். நடுவில் நின்ற மனுஷன் எதிலுமே இல்லை.

லேப்காரரைக் கேட்டேன். "நாங்க கழுவுனதுல தப்பு இல்லம்மா, எடுத்ததுலதான் ஏதோ" என்றார்.

நான் என்ன செய்தேன்? நீ சொன்ன மாதிரியேதான் வைத்தேன். கை நடுங்கியிருக்குமோ? விரல் எதையாவது மறைத்திருக்குமோ? அப்பா சாயங்காலமானால், "படம் வந்துச்சா?" என்கிறார். லேபில் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஒரு படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்து உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

பழைய கேமராக்களில் இப்படி நடப்பதுண்டு. உள்ளே ஷட்டர் என்பது துணித் திரை. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் பட்டனை அழுத்தும் விதத்திலும் இருக்கிறது, பழக்கமில்லாத கை என்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிடும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. அண்ணன் இன்னொரு தடவை வராமலா போவான்?

அப்பாவின் முட்டிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா?

சின்னவள்


மே 15

சின்னவளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். தைலம் தேய்க்கிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் மிஷின் ரிப்பேர் என்று சொல்வது? அவர் பணிமனையில் முப்பது வருஷம் ரிப்பேர் பார்த்தவர். "அப்பா, படம் வரல. என் கைதான் சரியில்ல, நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். எழுந்து போய்க் காலண்டர்த் தாளைக் கிழித்தார். முன்னறைச் சுவரில் படம் மாட்ட ஆணி அடித்து வைத்திருந்தார், அதையும் பிடுங்கிவிட்டார். சுண்ணாம்பு பெயர்ந்து அந்த இடம் பள்ளமாக இருக்கிறது.

தம்பியும் கப்பலிலிருந்து எழுதியிருந்தான். அந்த வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக் கப்பலுக்குப் போகப் போகிறானாம், விவரம் பிறகு சொல்வானாம். 'அப்பாவும் நானும் இருக்கிற படம் ஒன்று மட்டும் அனுப்பு. பர்ஸில் வைத்துக்கொள்கிறேன்' என்று கேட்டிருந்தான். அவனுக்கும் உண்மையை எழுதிவிட்டேன், அக்காவுக்குக் கேமரா பிடிக்கத் தெரியவில்லை, மன்னித்துவிடு என்று.

நீ ஆசையாகக் கொடுத்த பொருளை முதல் தடவையிலேயே பாழாக்கிவிட்டேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். திருப்பி அனுப்புகிறேன், பிடிக்கத் தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடு.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் கையில் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன எண் தப்பு. 250 என்பது என்னிடம் இருக்கும் கேமராவின் கணக்கு. உனக்கு அனுப்பியது அதற்கும் முந்திய மாடல். அதில் ஃப்ளாஷ் போட்டால் 60-க்கு மேல் போகக் கூடாது. ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. வேகம் கூடினால் முதல் திரை முழுக்கத் திறப்பதற்குள் இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடும். ஃப்ளாஷ் மின்னும்போது ஒரு இடுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். நீ பார்த்த வெளிச்சம் அந்த இடுக்குதான்.

மங்கல் எழுதியது இதைத்தான். 'மேடம், அந்த மாடலுக்கு 60 என்று நினைக்கிறேன், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.' இவ்வளவு மரியாதையாகத்தான் எழுதினார். நான் பார்க்கவில்லை. அவரை வெளியே தள்ளினேன்.

இதுவரைக்கும் தப்பு. இனிமேல் எழுதப்போவது தப்பு இல்லை, வேறு.

'அந்த மங்கல் என்ன சொன்னார்' என்று நீ கேட்ட கடிதம் பிப்ரவரி 22 கிடைத்தது. அன்றைக்கே அந்த மாடலின் கையேட்டைத் தேடிப் பார்த்தேன். 60 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இன்னும் பதினைந்து நாள் இருந்தது அக்கா. ஒரு கார்டு போட்டிருந்தால் மூன்று நாளில் வந்திருக்கும். போனிலும் உன் எண்ணை எடுத்தேன். நீதான் போனை எடுக்கமாட்டாயே என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய்: 'அப்போ அந்த மனுஷன் சொன்னதுதான் சரியா? அவரைத் திரும்பச் சேர்த்தாயா?' நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அவரைச் சேர்த்தால் குழுமத்தில் எல்லாருக்கும் காரணம் சொல்ல வேண்டும். மார்ச் 9-ஆம் தேதி எங்கள் குழுமத்தின் வருஷச் சந்திப்பு. நாற்பது பேருக்கு ஃப்ளாஷ் பாடம் எடுக்கப் போகிறவள் நான். பகலிலேயே மாடியில் எடுத்துக்கொள்வாய், ஃப்ளாஷே தேவைப்படாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இதிலேயே இன்னொரு பொய்யும் வெளியே வந்துவிட்டது. நான் விடுப்புக் கேட்கவே இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடையே கிடையாது. அண்ணன் அடுப்படியில் நின்ற நேரத்தில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரிடம், "கேமராவோட கையேட்ட மொதல்ல படிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறமும் உன் கையைக் குற்றம் சொல்லி எழுதினேன். நீ என்னிடமே மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்றுக் குழுமத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நான்காம் விதியை எடுத்துவிட்டேன். பொறுப்பிலிருந்தும் விலகிவிட்டேன். சிலர் பெரிய மனசு என்று பாராட்டினார்கள், அதைப் படிக்கத்தான் கூசியது. மங்கலிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில்: "எனக்கு எப்படித் தெரியும்னா, என் பொண்ணு பட்டம் வாங்குன நாள நான் இதே மாதிரிதான் கெடுத்தேன். இன்னொருத்தருக்கு ஆகக் கூடாதேன்னு சொன்னேன். அது போகட்டும் மேடம், உங்க அக்காவுக்கு நேரத்துல சொல்லிட்டீங்கல்ல?" இல்லை என்று எழுதினேன். அவர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. குழுமத்துக்கும் திரும்பவில்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சின்னவள்


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. கடிதம் கிடைத்ததா என்று மட்டும் ஒரு கார்டு போடு. திட்டியாவது எழுது. அப்பாவின் முட்டி எப்படி இருக்கிறது?

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சின்னவள்


ஆகஸ்ட் 17

சின்னவளுக்கு,

கடிதம் இரண்டும் கிடைத்தன. நீ போன் செய்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வேலையில் ஒரு நாளைக்கு இருநூறு தடவை, நான் உடைக்காத குழாய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். உனக்கு அதை இலவசமாகவே செய்திருக்கிறேன் என்று தெரிந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. எண்ணைத் தப்பாகச் சொன்னதுகூடப் பெரிதில்லை, யார் வாயில்தான் தப்பு வராது? ஆனால் இரண்டு மாதம் என் விரலை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன் சின்னவளே. ஒரு வரி எழுதியிருந்தால் அது நின்றிருக்கும்.

உன் ஜூன் கடிதத்தை ஒரு காகிதத்தில் பெயர்த்து எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். போன வாரம் அது திரும்பி வந்துவிட்டது. அந்தக் கப்பலில் இப்போது அவன் இல்லையாம். புதுக் கப்பலின் விவரம் அவன் இதுவரை எழுதவில்லை. கம்பெனி அலுவலகத்தில் கேட்டால், போனவர்களின் விலாசம் வைத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். போன் நம்பர் அவன் எப்போதுமே தந்ததில்லை. என் கை சரியில்லை என்று நான் எழுதியதுதான் அவனுக்குப் போன கடைசிக் கடிதம். அதற்கு அவன் பதில் எழுதவில்லை. கோபமா, வருத்தமா, கடிதமே போய்ச் சேரவில்லையா, இனிமேல் எப்போது தெரியுமோ.

அப்பாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்பா, படம் கெட்டது என்னால இல்லயாம். சின்னவ தப்பா சொல்லிக் கொடுத்துட்டாளாம்."

"யாரு சொன்னா?"

"அவளே எழுதியிருக்கா. அன்னிக்கு அவளுக்கு லீவுதானாம். வந்திருக்கலாமாம்."

தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது. கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்:

"எனக்கென்ன, நான் அவனப் பாத்துட்டேன். நீயும் பாத்துட்ட. அவதான பாக்கல."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. அந்த முப்பத்தாறும் உனக்காக எடுத்தவைதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "வரச் சொல்லு அவள. இருக்குறவங்களாவது ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்" என்றார்.

இது அப்பா சொன்னது. நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் நாள் ஆகும்.

வருகிற ஞாயிறு வருவதானால் வா. முன்பக்கம் குழாய் பதிக்கத் தெருவையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாசலில் கால் வைக்க இடமில்லை. பின்பக்கச் சந்து வழியாக வந்து கதவைத் தட்டு. அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். நான் திறக்கிறேன்.

அக்கா